நாலில் ஒருவருக்குச் சீனி வருத்தம்: இந்தக் கணக்கை எப்படி வாசிப்பது?

இலங்கையில் வயது வந்தவர்களில் 23 வீதமானவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது, இன்னும் 30 வீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் அதற்கு முந்திய படியில், அதாவது சீனி கூடியும் நீரிழிவுக் கோட்டைத் தொடாமல், நிற்கிறார்கள். 2018, 2019இல் நாடு முழுக்க நடந்த சுகாதாரமும் முதுமையும் பற்றிய ஆய்வில் இருந்து வந்த கணக்கு இது. இரண்டையும் கூட்டினால் பாதிக்கு மேல் வருகிறது. நாட்டுக் கணக்கு இங்கேயும் பொருந்தும் என்று எடுத்தால், யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணவீட்டுப் பந்தியில் இருக்கிற பெரியவர்களில் இரத்தச் சீனி ஒழுங்காக இருப்பவர்கள்தான் சிறுபான்மை.

கேட்டவுடன் பயம் வரும், அல்லது "அது எல்லாருக்கும் இருக்குத்தானே" என்ற அலுப்பு வரும். எங்கள் ஊரில் இரண்டாவதுதான் அதிகம். ஆனால் இந்த எண் எப்படி வந்தது, முந்தைய எண்களோடு இதை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

சரி, பழைய எண்களைப் பார்ப்போம். 1990களின் தொடக்கத்தில் கிராமப்புறத்தில் செய்த ஓர் ஆய்வு 2.5 வீதம் என்றது. கொழும்பை அண்டிய புறநகர்ப் பகுதியில் 1994இல் வந்த இன்னொரு ஆய்வு 5 வீதம் என்றது. 2005, 2006இல் 4,500 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த பெரிய ஆய்வில் 10.3 வீதம், அதிலும் நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. பிறகு 23. இதை ஒரு வரைபடமாகப் போட்டால் மலை ஏறுவது போல இருக்கும், செய்திகளில் அப்படித்தான் போடுவார்கள். ஒரு கிராமத்தில் எடுத்த எண்ணையும், ஒரு புறநகரில் எடுத்த எண்ணையும், நாடு முழுக்க எடுத்த எண்ணையும் ஒரே கோட்டால் தொடுப்பது சரியில்லை என்பதைச் சொல்லமாட்டார்கள்.

அதற்கு மேல், எதை நீரிழிவு என்று சொல்வது என்ற கோடே நடுவில் நகர்ந்தது. 1997க்கு முன்னர் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 140 மில்லிகிராமைத் தொட்டால்தான் நீரிழிவு. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126 ஆகக் குறைத்தது, இரண்டு வருடத்தில் உலக சுகாதார நிறுவனமும் அதையே எடுத்துக்கொண்டது. 1995இல் 132 என்று வந்த ஒருவரை "கொஞ்சம் கவனமாய் இருங்கோ" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அதே 132 உடன் 2000இல் வந்தவருக்குக் கொப்பி எழுதிக் குளிசை கொடுத்திருப்பார்கள். உடம்பு அதேதான். 2010, 2011 அளவில், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனையையும் நோயைத் தீர்மானிக்கப் பயன்படுத்தலாம், 6.5 வீதமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு என்று வந்தது. முந்திய படிக்கான கோடு இன்னும் இழுபறி: அமெரிக்கச் சங்கத்துக்கு அது 100இல் தொடங்குகிறது, உலக சுகாதார நிறுவனத்துக்கு 110இல். எந்தக் கோட்டை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த 30 வீதம் பெரிதாகக் கூடிக் குறையும். ஆகவே முந்திய படியின் எண்ணை வைத்துக் கூடியது குறைந்தது என்று பேசுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எதால் அளந்தார்கள் என்பதும் இருக்கிறது. காலையில் விரலில் குத்தி எடுத்தால் ஒரு எண் வரும். 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தால் இன்னும் பலர் பிடிபடுவார்கள், ஏனென்றால் எங்கள் பக்கத்து ஆட்களில் வெறும் வயிற்றுச் சீனி நன்றாகவே இருந்து சாப்பிட்ட பிறகு மட்டும் எகிறுகிறவர்கள் நிறைய. இரண்டு மூன்று சோதனைகளைச் சேர்த்து, எதில் மாட்டினாலும் நோய் என்று எடுத்தால் எண் இன்னும் ஏறும். இது ஏமாற்று அல்ல, கூடுதலாகத் தேடினால் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

இனி எங்களுக்கு முக்கியமான இடம். 2005, 2006 ஆய்வு நாட்டின் ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் இல்லை, காரணம் யுத்தம். பல வருடமாக எல்லாரும் மேற்கோள் காட்டிய "இலங்கையில் பத்தில் ஒருவர்" என்ற கணக்கில் நாங்கள் இல்லவே இல்லை. அதனால் "2005 இலிருந்து இரட்டிப்பாகிவிட்டது" என்ற பேச்சை யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. யுத்தம் முடிந்த பிறகு யாழ் மருத்துவ பீடத்துக்காரர்கள் இங்குள்ள நிலைமையை ஆராயத் தொடங்கினார்கள், அதற்கு முன்னால் இருந்தது ஒரு வெறுமை.

அந்த வெறுமைக்குள் என்ன நடந்தது என்பது வயதானவர்களுக்குத் தெரியும். 1990 இலிருந்து பல வருடம் மின்சாரம் இல்லை. மருந்துக்கும் எரிபொருளுக்கும் தடை. 1995 ஒக்டோபரில் இரவோடு இரவாக வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை திரும்பவும் பூட்டப்பட்டது. இன்சுலினைக் குளிராக வைத்திருக்க வேண்டும், குளிர்சாதனப்பெட்டி ஓடாத வீட்டில் மண்பானையும் ஈரமணலும்தான் வழி. அந்தக் காலத்தைப் பற்றி இங்கே ஒரு பெருமைப் பேச்சு இருக்கிறது: எல்லாரும் சைக்கிள் ஓடினோம், சீனி கிடைக்கவில்லை, அதனால் சீனி வருத்தமும் இல்லை என்று. பாதி உண்மை. நடையும் சைக்கிளும் குறைந்த சாப்பாடும் இரண்டாம் வகை நீரிழிவைத் தள்ளிப்போட்டிருக்கும் என்பதை நம்பலாம். ஆனால் சிறு வயதில் வருகிற முதலாம் வகைக்கு இன்சுலின் இல்லாவிட்டால் நாட்கணக்கில், வாரக்கணக்கில்தான் உயிர். சோதிக்க வசதி இல்லாத ஊரில் நோய் குறைவாகத்தான் தெரியும், அதை வைத்து நோய் குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது.

இவ்வளவு கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் நிஜம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1990க்கும் 2022க்கும் இடையில் உலகம் முழுக்க வயது வந்தோரில் நீரிழிவு 7 வீதத்தில் இருந்து 14 வீதமாகியது என்று 2024 நவம்பரில் வந்த பெரிய தொகுப்பு ஆய்வு சொல்கிறது, ஆள் கணக்கில் 82 கோடி 80 இலட்சம். பக்கத்தில் இந்தியாவில் 2023இல் வெளியான கணக்கு 11.4 வீதம், தமிழ்நாட்டில் மட்டும் 14.4. இலங்கையின் 23 இவற்றைவிட உயரம் என்றாலும், சோதனை முறைகள் ஒன்றல்ல என்பதை மறக்காமல்தான் பக்கத்தில் வைக்கவேண்டும்.

ஏன் ஏறியது என்பதற்கு முதல் காரணம் யாருக்கும் பிடிக்காத ஒன்று: ஆட்கள் சாகவில்லை. 50 வயதில் நோய் வந்தவர் முன்பு 60இல் மாரடைப்பில் போனார், இப்போது 78 வரை குளிசையோடு இருக்கிறார். புதிதாக நோய் வருகிறவர்கள் கூடாவிட்டால்கூட, வந்தவர்கள் நீண்டகாலம் வாழ்ந்தால் மொத்த விகிதம் ஏறும். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு வைத்தியத்தின் வெற்றி. நாட்டின் சனத்தொகையே வயதாகிக்கொண்டு போகிறது, யாழ்ப்பாணத்தில் அதோடு பிள்ளைகள் ரொரன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்க அம்மா அப்பா மட்டும் தனியே இருக்கும் வீடுகள் எத்தனை என்று பார்த்தால், இங்கே எந்த ஆய்வு செய்தாலும் எண் உயரமாகவே வரும்.

இரண்டாவது, சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது, சந்திக்கடைக்குக்கூட நடப்பதில்லை. 2009க்குப் பிறகு பாதை திறந்து சாமான் குவிந்த வேகத்தில் சோடா, பிஸ்கற், ரோல்ஸ், இரவுக் கொத்து எல்லாம் அன்றாடமாகிவிட்டது. புட்டும் இடியப்பமும் முன்பும் மாவுதான், ஆனால் முன்பு அதைச் சாப்பிட்டவர் தோட்டத்துக்கு இறைக்கப் போனார்.

மூன்றாவது காரணம் எங்கள் உடம்பு. மெலிந்த ஆளுக்கு ஏன் சீனி என்று ஆச்சரியப்படுவார்கள். தென்னாசியர்களுக்குக் கொழுப்பு கை காலில் சேராமல் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேருகிறது, தசை குறைவு. அதனால்தான் 2004இல் உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றது, மற்றவர்களுக்கு அது 25. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. தராசை விட்டுவிட்டு ஒரு அளவு நாடாவை எடுத்தால் எங்கள் ஆட்களில் பலருக்கு உண்மை தெரிந்துவிடும்.

இதற்குள் எனக்கு மிகவும் உறுத்துகிற கேள்வி ஒன்று. தாயின் வயிற்றில் இருக்கும்போது ஊட்டம் குறைந்து நிறை குறைவாகப் பிறக்கும் பிள்ளைக்கு, பிற்காலத்தில் சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடும் என்ற கருத்தை 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். இன்னொரு பக்கம், பிரித்தானியாவில் உலகப் போர்க்காலச் சீனிப் பங்கீடு 1953இல் நீங்கியது, அதற்கு முன் கருவாகி முதல் இரண்டு வருடத்தைச் சீனி குறைவாகக் கழித்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு சுமார் 35 வீதம் குறைவு, வந்தவர்களுக்கும் நாலு வருடம் பிந்தித்தான் வந்தது என்று 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. யாழ்ப்பாணத்தில் தடைக்காலத்தில் சீனியும் குறைவு, பால்மா, மீன், இறைச்சி, பருப்பும் குறைவு. இரண்டு விளைவுகளில் எது வென்றது? பஞ்சத்தில் கருவாகி, பாதை திறந்த பிறகு இளைஞராகக் கடைத்தெருவுக்கு வந்த அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயதும் அதற்கு மேலும். என் ஊகம், பார்க்கர் சொன்னதுதான் இங்கே நடக்கும். அரசாங்கத்தின் சோதனைத் திட்டம் 40 வயதுக்காரரை நோக்கித் தொடங்கியது, பிறகு 35க்கு இறக்கினார்கள், வடக்கில் அதை இன்னும் இறக்கவேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நோய் இருப்பது தெரியுமா என்ற கேள்விக்கு வருவோம். 2005, 2006இல் நீரிழிவு உள்ளவர்களில் 36 வீதமானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. 2010இல் தொற்றாநோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது, அடுத்த வருடம் தொடக்கம் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை அரச ஆஸ்பத்திரிகளோடு சேர்த்துத் திறந்தார்கள். நிறை, உயரம், பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். நல்ல திட்டம். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். வாரநாள் காலையில் திறந்துவைத்தால் மேசன் வேலைக்குப் போகிறவரும் ஓட்டோக்காரரும் கடைக்காரரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நோய் இல்லாத நேரத்தில், "இருக்கோ எண்டு பாக்க" வரமாட்டார்கள். அவர்களுக்கு நோய் தெரிவது காலில் புண் ஆறாதபோது, அல்லது நெஞ்சு நோவோடு வந்து படுத்தபோது. இதற்கு ஆண்களின் அலட்சியம் என்று பெயர் வைப்பதை விட நேரத்தை மாற்றிப் பார்க்கலாம்.

இங்கே அறிவு இல்லை என்று சொல்லவே முடியாது. எந்த வீட்டிலும் ஆளுக்கு ஆள் சீனியைப் பற்றிப் பேசுவார்கள். கனடாவில் இருந்து தம்பி அனுப்பிய மெஷின் அலுமாரிக்குள் இருக்கும், அதற்குப் போடும் ஸ்ரிப் முடிந்து மாதமாகியிருக்கும். நோயின் பெயர் தெரிகிறது, தன் எண் தெரியாது.

வைத்தியத்தைப் பொறுத்தவரை இலங்கைக்காரர் அதிர்ஷ்டசாலிகள், கிளினிக்கும் மருந்தும் இலவசம். ஒரு காலத்தில் ரொல்பியூற்றமைட், பிறகு கிளிபென்கிளமைட், இப்போது முதலில் மெற்போமின், போதாவிட்டால் கிளிக்கிளசைட், அதற்கும் மேலே இன்சுலின். கிளிபென்கிளமைட் வயதானவர்களுக்குச் சீனியை அளவுக்கு மீறி இறக்கி விழுத்திவிடும், அதனால் அதைக் கைவிடும் போக்கு வந்தது. எம்பாகிளிபுளோசின் போன்ற புதிய குளிசைகள் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுவதை 2015 தொடக்கம் வந்த ஆய்வுகள் காட்டின. உலகக் கணக்கில், 30 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவுக்காரரில் 59 வீதமானவர்கள், அதாவது 44 கோடி 50 இலட்சம் பேர், 2022இல் எந்த மருந்தும் எடுக்கவில்லை. அந்த வருடம்தான் இங்கே டொலர் முடிந்து, இறக்குமதியை நம்பியிருந்த மருந்துகள் தட்டுப்பட்டு, கிளினிக்கில் துண்டு எழுதிக்கொடுத்து வெளியே வாங்கச் சொன்னார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள், சிலர் இரண்டு நேரக் குளிசையை ஒரு நேரமாக்கி இழுத்தார்கள்.

ஆனால் மருந்து வாங்குவதும் சீனி கட்டுப்பாட்டில் இருப்பதும் வேறு வேறு விஷயம், எங்கள் பெரிய ஓட்டை இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் சோறு பாதி, சீனி இல்லாத தேத்தண்ணி, இரவு இரண்டு இடியப்பம். காலையில் இரத்தம் குத்தினால் 118. கொப்பியில் 118 ஏறும், மருந்து அப்படியே தொடரும், வெளியே வந்தவுடன் எதிர்க்கடையில் பணிஸும் பால்தேத்தண்ணியும். எச்பிஏ1சி எடுத்தால் இந்த விளையாட்டுச் சரிவராது, சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் அதில் ஒட்டியிருக்கும் சீனி கடந்த இரண்டு மூன்று மாதத்தைச் சொல்லிவிடும். அது எல்லா அரச கிளினிக்கிலும் ஒழுங்காகச் செய்யப்படுவதில்லை, தனியாரிடம் செய்யக் காசு வேண்டும். (இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு அந்த எண் சற்றுக் கூட்டிக் காட்டும், அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.)

முதல் வருடங்களின் கட்டுப்பாடு எவ்வளவு பெறுமதி என்பதை 1977இல் தொடங்கி 1998இல் முடிவு வந்த பிரித்தானிய ஆய்வு காட்டியது: இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண் இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 வீதம் குறைந்தன. பத்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, இரு குழுவினரின் சீனியும் ஒரே மட்டத்துக்கு வந்த பின்னரும், தொடக்கத்தில் கட்டுப்படுத்தியவர்களுக்கு நன்மை மிச்சமிருந்தது. இங்கே நடப்பது தலைகீழ். "குளிசை கிட்னியைப் பழுதாக்கும்" என்று முதல் ஐந்து வருடத்தைப் பாவற்காய்ச் சாற்றிலும் குறிஞ்சா இலையிலும் கழிப்பார்கள், சிறுநீரகத்தை அந்த ஐந்து வருடச் சீனி தின்ற பிறகு குளிசை தொடங்குவார்கள், பிறகு பழி குளிசைக்குப் போகும். இன்னொன்று குரக்கன். குரக்கன் நல்லதுதான், ஆனால் மென்மையாக அரைத்த எந்த மாவும் முழுத்தானியத்தை விட விரைவாகச் செரித்துச் சீனியாகும், ஒரு நீத்துப்பெட்டி குரக்கன் புட்டு சாப்பிட்டால் அது ஒரு நீத்துப்பெட்டி மாவுதான். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிப்பதும் அதே கதை.

நோய் வந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம், அந்த 30 வீதத்துக்கு என்ன செய்வது? சென்னையில் செய்து 2006இல் வெளியான தடுப்பு ஆய்வு, முந்திய படியில் இருந்த சாதாரண ஆட்களுக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக்கொடுத்து மூன்று வருடம் பார்த்தது. நீரிழிவாக மாறும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்தது, மெற்போமின் கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதேயளவு, 26.4. சோறும் சாம்பாரும் சாப்பிடுகிற ஆட்களில் எடுத்த எண் என்பதால், அமெரிக்காவில் இதேபோன்ற ஆய்வில் வந்த 58 வீதக் குறைவை விட இதை நம்பித்தான் நாங்கள் கணக்குப் போடலாம். ஆனால் இங்கே முந்திய படி என்று வந்தவரைக் "கொஞ்சம் நடவுங்கோ" என்று சொல்லி அனுப்புவதோடு சரி, திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

அரசாங்கம் செய்த பெரிய காரியம் சோடாவில். 2016 ஓகஸ்டில் இருந்து போத்தலில் நிறம் போடவேண்டும், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி வந்தது, கம்பனிகள் அவசரமாகச் சீனியைக் குறைத்தன. அடுத்த வருடமே வரியை 30 சதமாக இறக்கினார்கள். அந்த வரி இருந்தபடி இருந்திருக்கவேண்டும் என்பது என் கட்சி. இருந்திருந்தாலும் எங்கள் வயிற்றுக்குப் போகிற சீனியில் பெரும்பங்கு போத்தலில் இருந்து வருவதில்லை. காலை, பத்து மணி, மூன்று மணி, பின்னேரம் என்று ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கரண்டி. கடையில் பிளேன்ரீ கேட்டால் போட்டே கொண்டுவந்து வைப்பார்கள், சீனி வேண்டாம் என்றால் "ஏன் அண்ணை, வருத்தமோ?" என்று கேட்பார்கள், வருத்தம் இல்லாதவர் சங்கடப்பட்டு "சரி, கொஞ்சம் போடுங்கோ" என்பார்.